சொந்தக் காரில் டெலிவரி செய்வோருக்கு: கலிஃபோர்னியாவின் காப்பீட்டு விதிகளும் பாலிசி எடுக்கும் முறையும்

கலிஃபோர்னியாவில் சொந்தக் காரில் உணவோ மளிகையோ கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேரும்போது, செயலி நிறுவனம் கேட்கும் ஆவணங்களில் ஓட்டுநர் உரிமத்தோடு காப்பீட்டு அட்டையும் ஒன்று. அட்டையைப் படமெடுத்து ஏற்றிவிட்டால் காப்பீட்டு வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு உங்களிடம் உண்டு என்பதற்குத்தான் அந்த அட்டை சான்று. டெலிவரியின்போது விபத்து நேர்ந்தால் பாலிசி பணம் தரும் என்பதற்கு அல்ல.

முதலில் அந்தக் குறைந்தபட்சத் தொகையைப் பார்த்துவிடலாம். 2025 ஜனவரி 1 முதல் எடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் பாலிசிகளில், விபத்தில் காயமடையும் ஒருவருக்கு 30,000 டாலர், ஒரே விபத்தில் காயமடைந்த அனைவருக்குமாக 60,000 டாலர், பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 15,000 டாலர் இருக்க வேண்டும். இதையே 30/60/15 என்று எழுதுவார்கள். அதுவரை இது 15/30/5 ஆக இருந்தது. உயர்த்திய பிறகும் இத்தொகை போதாது என்பதே என் கருத்து. நீங்கள் மோதிய கார் பழுதுபார்க்க முடியாதபடி நொறுங்கி, அதன் மதிப்பு 40,000 டாலர் என்றால், பாலிசி 15,000 டாலரோடு நின்றுவிடும். மீதி 25,000 டாலருக்கு உங்கள் மீது வழக்குத் தொடரலாம்.

அடுத்ததாக, பாலிசியை எடுத்துப் படியுங்கள். முதல் பக்கத்தில் கார் எதற்காகப் பயன்படுகிறது என்று குறிக்கப்பட்டிருக்கும்: சொந்த உபயோகம், வேலைக்குப் போய்வருதல், தொழில் என்று ஏதேனும் ஒன்று. பிறகு விலக்குகள் பகுதிக்குச் செல்லுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களையோ பொருட்களையோ ஏற்றிச் செல்லும்போது நேரும் விபத்துக்கு இந்தப் பாலிசி பொருந்தாது என்ற வாசகம், தனிநபர் பாலிசிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும். இருக்கையில் கிடக்கும் ஒரே ஒரு பிரியாணிப் பொட்டலம்கூட இந்த வாசகத்துக்குள் அடங்கிவிடும்.

2020 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய, 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று தீர்ப்பளித்த 22ஆம் முன்மொழிவு என்ற, செயலி வழி ஓட்டுநர்களுக்கான சட்டம் இங்கேதான் வருகிறது. அது இரண்டு வகைக் காப்பீடுகளைச் செயலி நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. இரண்டும் வெவ்வேறு நேரங்களுக்குப் பொருந்துவதால், பிரித்துப் புரிந்துகொள்வது அவசியம். ஓட்டுநர் காயமடைந்தால் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் வரை தரும் விபத்துக் காப்பீடு, செயலியைத் திறந்து ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் பொருந்தும், அந்த நேரத்தில் சொந்த வேலை பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்றால். டெலிவரி நிறுவனம் பிறருக்காக வைத்திருக்க வேண்டிய 10 லட்சம் டாலர் வாகனப் பொறுப்புக் காப்பீடோ, ஆர்டரை ஏற்ற கணத்திலிருந்து கொடுத்து முடிக்கும் வரைதான் கட்டாயம். அதுவும் காருக்குச் சட்டப்படியான வேறு காப்பீடு பொருந்தாத நிலையில்தான். ஆகவே, ஓர் ஆர்டரைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்காக உணவகத்தின் வாகன நிறுத்தத்தில் காத்திருக்கும்போது, காரைப் பின்னால் எடுத்து இன்னொருவர் கதவில் இடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெலிவரி நிறுவனத்தின் கட்டாயக் காப்பீடு அப்போது உதவாது. உங்கள் காப்பீட்டு நிறுவனமும் வேலை நேரம் என்று சொல்லி ஒதுங்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே பலர் விழுகிறார்கள். உங்கள் சொந்தக் காரின் சேதமோ எந்த நிலையிலும் இந்தச் சட்டத்தின் கணக்கில் வருவதில்லை. கடனில் வாங்கிய கார் என்றால், நொறுங்கிய பின்னும் தவணை நிற்காது.

எனவே டெலிவரி தொடங்கும் முன் காப்பீட்டு ஏஜென்டிடம் சொல்லிவிடுங்கள். பிரீமியம் ஏறுமே என்று மறைப்பவர்கள் உண்டு. ஆனால் உண்மையை மறைத்தல், வேண்டுமென்றே செய்தாலும் தெரியாமல் செய்தாலும், பாலிசியை ரத்து செய்யும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தருகிறது என்று கலிஃபோர்னியா காப்பீட்டுச் சட்டத்தின் 331ஆம் பிரிவு கூறுகிறது. சாதாரண பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் டெலிவரி இணைப்பைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. முழு வணிகப் பாலிசியைவிட இது பொதுவாக மலிவு. ஆனால் பயணிகளை ஏற்றுவோருக்கான இணைப்பு உணவு டெலிவரிக்கும் பொருந்தும் என்று ஊகிக்க வேண்டாம். காத்திருக்கும் நேரம், எடுக்கப் போகும் நேரம், பொருளோடு செல்லும் நேரம் ஆகிய மூன்றிலும் பொருந்துமா, சொந்தக் காரின் சேதத்துக்கும் பணம் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடே இல்லாத ஓட்டுநர் மோதினால் உதவும் பாதுகாப்பைக் காப்பீட்டு நிறுவனம் கட்டாயம் உங்களுக்கு வழங்க முன்வர வேண்டும். எழுதிக் கொடுத்து அதை மறுக்கும் வழியும் இருப்பதால், அவசரத்தில் மறுப்புத் தாளில் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் கணக்கே மாறிவிடும். டெக்சாஸ் 30/60/25 கேட்கிறது. நியூயார்க் 25/50/10 உடன், தவறு யாருடையதாயினும் தரப்படும் 50,000 டாலர் காப்பீட்டையும் கேட்கிறது. 22ஆம் முன்மொழிவு கலிஃபோர்னியாவுக்கு மட்டும் உரியது.

விபத்து நேர்ந்துவிட்டால், காயமடைந்தவர்களைக் கவனித்த பின், செயலியின் திரையை நேரம் தெரியும்படி உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆர்டரை ஏற்றிருந்தீர்களா, காத்திருந்தீர்களா என்பதற்கு அதுவே உங்கள் கையில் உள்ள சான்று. பிறகு உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் செயலி நிறுவனத்துக்கும் தனித்தனியே தெரிவியுங்கள். யாருக்கேனும் காயம் ஏற்பட்டிருந்தாலோ, சொத்துச் சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, 10 நாட்களுக்குள் விபத்தைத் தெரிவிக்கும் எஸ்ஆர்-1 படிவத்தை மாநில மோட்டார் வாகனத் துறைக்கு அனுப்ப வேண்டும். போலீஸ் அறிக்கை எழுதிச் சென்றிருந்தாலும் இந்தப் படிவம் தனி. அனுப்பத் தவறினால் ஓட்டுநர் உரிமம் நிறுத்திவைக்கப்படலாம்.