மத்தள அடிக்கு நெளியும் நிறங்கள்

1960களில் சான் பிரான்சிஸ்கோ இசை மேடைகளின் பின்திரையில் நெளிந்த வண்ணங்களுக்குக் கணினி தேவைப்படவில்லை; எண்ணெயும் சாயத் தண்ணீரும் போதுமாயிருந்தன. மட்டக்களப்புக் கல்லடியில், என் குசினியில் அவற்றைக் காணொளியாக எடுப்பதற்கும் அதுதான்.

கண்ணாடித் தட்டை இரண்டு செங்கற்களின்மேல் வைத்து, கீழிருந்து டோர்ச் அடியுங்கள். இடையே எண்ணெய்க் கடதாசி. தட்டில் கேக் கலரிங் கரைத்த தண்ணீர், மேலே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். மட்டக்களப்பு வெக்கையில் அது உறையாது. நிறம் எண்ணெயில் கரையாததால் குமிழ்கள் தனித்தே மிதக்கும். சிறிய கண்ணாடியொன்றை மேலே வைத்து அழுத்தினால் அவை பிதுங்கி, பிளந்து, மறுபடி சேரும். வடமோடிக் கூத்தின் மத்தள ஒலிப்பதிவை ஓடவிட்டு, அடிக்கு ஓர் அழுத்தம் என்று பழகுங்கள். கை வலிக்கும்; பரவாயில்லை.

சவர்க்காரத் தண்ணீர் கடைசிக் காட்சிக்கு மட்டும். ஒரு சொட்டிலேயே எல்லாம் சிதறி ஓடும்.

கைபேசிக் கமெராவின் ஒளியளவை (எக்ஸ்போஷர்) தானாக மாறாதபடி பூட்டிவிட்டு எடுங்கள். என் முதல் காணொளி மின்னி மின்னியே வீணானது.