பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: நிறுவும் முன்னும் பின்னும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்களைப் பெரும்பாலும் அது சேர்த்துக்கொள்வதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கிறது. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம்தான். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 4 ஜிபி ராமில் அது நகர்வதைப் பார்க்க எனக்குப் பொறுமையும் இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது 2014-இல் வாங்கிய ஐ3 லேப்டாப், 4 ஜிபி ராம். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது. ப்ரவுசர், கடிதம், சின்னக் கணக்கு, படம் பார்ப்பது, இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் மேலே படியுங்கள். டேலியும் போட்டோஷாப்பும் வைத்துப் பிழைப்பு நடத்துபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

முதலில் மூட்டை கட்டுங்கள்

நிறுவுவது அரை மணி நேர வேலை. அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. போட்டோ, ஆவணங்கள், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடப்பவை எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். ப்ரவுசரின் புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பாஸ்வேர்டு ஃபைலை யார் திறந்தாலும் படிக்கலாம், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

எல்லோரும் மறப்பது எழுத்துருக்களை. நானும் மறந்தேன். அப்பா பல வருடம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்களைப் பத்திரமாக நகலெடுத்துவிட்டு, பாமினியை விட்டுவிட்டேன். புதிய சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும்தான். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் அந்தக் கோலம். பாமினியோ வானவில்லோ, யூனிகோடு அல்லாத எதில் எழுதியிருந்தாலும், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் எடுத்து வையுங்கள். லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள், ஆங்கிலச் சின்ன எழுத்தில், முன்னால் ஒரு புள்ளி வைத்து ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போட்டால் போதும்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஒரு யோசனை: பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். வேகத்தில் தெரியும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இதனால்தான் வரும். கழற்றிய டிஸ்க் அப்படியே பேக்கப்பாகவும் இருக்கும்.

பென் டிரைவ்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்குங்கள். மூன்று பதிப்புகளில் இதுதான் எடை குறைந்தது. 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 64-பிட் ப்ராசஸர் கட்டாயம். 2024-இல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலையும் காட்டி ஸ்டார்ட் கொடுங்கள். இடையில் ஏதாவது கேட்டால் ஐஎஸ்ஓ முறை என்று முதலில் பரிந்துரைப்பதையே ஏற்கலாம்.

நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை மறுபடி ஆன் செய்யும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், மெனு வந்ததும் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட்டு வர வேண்டும்.

மின்ட் இப்போது பென் டிரைவிலிருந்தே ஓடும். உங்கள் டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், வைஃபை. பழைய லேப்டாப்களில் தகராறு செய்வது பெரும்பாலும் பிராட்காம் வைஃபை சிப்தான். பதற வேண்டாம். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதற்கான டிரைவரை அதுவே காட்டும்.

நிறுவுதல்

திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை இருமுறை சொடுக்குங்கள். பாட்டும் வீடியோவும் ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக்குகள் வேண்டுமா என்று கேட்கும், வேண்டும் என்று டிக் செய்யுங்கள். அடுத்து வருவதுதான் கை நடுங்க வேண்டிய இடம்: டிஸ்க்கை முழுதாக அழிப்பதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் வைப்பதா? இரண்டும் இருக்கட்டுமே என்று தோன்றும். சின்ன டிஸ்க்கில் இரண்டுமே மூச்சுமுட்டும். மூட்டை கட்டியாகிவிட்டது என்றால் அழித்துவிடுவதே என் கட்சி. நேர மண்டலத்தில் சென்னையைத் தேட வேண்டாம், இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான்.

நிறுவிய பிறகு

அப்டேட் மேனேஜரை முழுதாக ஓடவிடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வையுங்கள். நாளை ஏதாவது கெட்டால் இன்றைய நிலைக்குத் திரும்பலாம்.

அப்புறம் தமிழ். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைத் தேடி நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாகவுட் செய்துவிட்டு வந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழுக்குக் கீழே தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று கண்ணில் படும். அது வேறு. சரியானதைச் சேர்த்தீர்களா என்று பார்க்க அ, ம, ம, ஆ என நான்கே விசைகளைத் தட்டுங்கள். புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ என்று வந்தால் சரி. வேறு மாதிரி வந்தால் திரும்பிப் போய் மாற்றுங்கள்.