ஐஎஃப்ஐடிஎம்3 ஜீனைக் குழப்பிக்கொள்ளாமல் தேடிப் படிப்பது எப்படி

வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் புரதத்தை உண்டாக்கும் இந்த ஜீனைப் பிராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் வேலை, 'இன்டர்ஃபெரான் இன்டியூஸ்டு டிரான்ஸ்மெம்பிரேன் புரோட்டீன்' என்று முழுப் பெயரையும் தேடலில் அடித்துவிட்டு, மேலே வந்து நிற்கிற கட்டுரைகளை எல்லாம் இறக்கிக்கொள்வதுதான். அதைச் செய்யாதீர்கள். அந்தப் பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது. மனிதர்களில் 1, 2, 3, 5, 10 என்று ஐந்து ஜீன்கள்; கீழே வெறும் எண்ணால் சொல்வது இவற்றைத்தான், நம்முடையது 3. இதில் 5 எலும்பு செல்களில் வேலை செய்வது, பெயரில்தான் இன்டர்ஃபெரான் (வைரஸ் தாக்கினால் செல்கள் வெளியிடும் எச்சரிக்கைப் புரதம்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோயின் ஐந்தாம் வகைக்கு அதில் வரும் ஒரு மாற்றம்தான் காரணம். வைரஸைத் தடுக்கும் கதையைத் தேடிப் போனவர் எலும்பு முறிவுக் கட்டுரையில் போய் நிற்பது இப்படித்தான்.

அதனால் என்சிபிஐ (அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் தளம்) ஜீன் பக்கத்தில் 10410 என்ற எண்ணைப் போட்டுத் திறங்கள். எண்ணுக்குக் குழப்பம் கிடையாது. பழைய பெயர்களையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்: இந்த ஜீன்கள் முதலில் 1984இல், இன்டர்ஃபெரான் கொடுத்த செல்களில் கூடும் ஆர்என்ஏக்களைத் தேடியபோது கிடைத்தவை, அந்தக் காலத்துக் கட்டுரைகளில் நம்முடையது 1-8யூ, இரண்டாவது 1-8டி, முதலாவது 9-27.

அதே பக்கத்தில் ஜீன் படம் ஒன்று இருக்கும். 11ஆவது குரோமோசோமின் குட்டைக் கையில், கிட்டத்தட்ட நுனியில், 5, 2, 1, 3 என்ற வரிசையில் நால்வரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் 1ம் 2ம் நேர் இழையில், 3 எதிர் இழையில். இதை இப்போதே நோட்டில் எழுதி வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அப்புறம் யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்துக்குப் போய் க்யூ01628 (இது 3), க்யூ01629 (இது 2), பி13164 (இது 1) மூன்றின் புரத வரிசையையும் எடுத்து அலைன்மென்ட் போடுங்கள், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒப்பிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள். 3இல் 133 அமினோ அமிலம், 2இல் 132. எங்கே ஒன்று குறைகிறது என்று தேடினால் தொடக்கத்திலேயே தெரியும்: 3இல் எட்டாவது, ஒன்பதாவது இடங்களில் அடுத்தடுத்து இரண்டு ஃபினைல்அலனின், 2இல் ஒன்றுதான். நான்காவது இடத்தில் 3இல் த்ரியோனின், 2இல் ஐசோலூசின். அதற்குப் பிறகு நீண்ட தூரத்துக்குப் பெரிய வித்தியாசமே இல்லை, நடுப்பகுதி அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். 1இல் முன்பக்கத்து 21 அமினோ அமிலங்கள் இல்லவே இல்லை.

அந்த 21இல் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். 3இன் 20ஆவது இடத்தில் ஒரு டைரோசின். புரதத்தைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே எண்டோசோமுக்கு (வெளியிலிருந்து வருவதைச் செல்லுக்குள் ஏந்திப் போகும் சிறு பை) இழுத்துப் போவதற்கான அடையாளம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. அது இருப்பதால் 3 எண்டோசோமில் காவல் நிற்கிறது, இல்லாததால் 1 பெரும்பாலும் செல் மேற்பரப்பில் தங்குகிறது. இன்ஃப்ளுயென்ஸா வைரஸ் எண்டோசோம் வழியாகத்தான் உள்ளே நுழையும், அதன் உறையும் எண்டோசோம் சவ்வும் ஒன்றாக இணைவதைத்தான் 3 தடுக்கிறது. 2009இல் இன்ஃப்ளுயென்ஸா, டெங்கு, வெஸ்ட் நைல் வைரஸ்களுக்கு எதிராக இந்தக் குடும்பம் வேலை செய்வது தெரியவந்த பிறகுதான் எல்லோரும் இதன் பக்கம் திரும்பினார்கள். கூடவே 71, 72, 105 ஆகிய இடங்களில் இருக்கும் சிஸ்டீன்களையும் குறித்துக்கொள்ளுங்கள், கொழுப்பு அமிலம் ஒட்டிச் சவ்வில் பிடித்துவைக்கும் இடங்கள் அவை.

சரி, இப்போது எல்லோரும் ஓடிப்போய்ப் பார்க்கும் மாற்றத்துக்கு வருவோம், டிஎன்ஏவில் ஒற்றை எழுத்து மாறும் ஆர்எஸ்12252. கட்டுரைகளில் தைமின் சைட்டோசினாக மாறுகிறது என்று எழுதியிருக்கும், டிபிஎஸ்என்பி என்ற மரபு மாற்ற டேட்டாபேஸில் திறந்தால் அடினின் குவானினாக மாறுகிறது என்று காட்டும். இரண்டும் ஒன்றுதான். ஜீன் எதிர் இழையில் இருக்கிறது, டேட்டாபேஸ் நேர் இழையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் சீக்வென்சிங் ரிசல்ட்டை வைத்து யாருக்கு எந்த அலீல் (அந்த இடத்தில் இருக்கும் எழுத்து வடிவம்) என்று எழுதுவதற்கு முன்னால் எந்த இழையைப் படிக்கிறோம் என்று அட்டவணையின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இந்த மாற்றம் 14ஆவது அமினோ அமிலத்தில் வருகிறது, ஆனால் செரின் செரினாகவே இருக்கும். 2012இல் இன்ஃப்ளுயென்ஸாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் இது அதிகம் இருப்பதாக வெளிவந்தபோது, ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் வேலை) மாறி முன்பக்கத்து 21 அமினோ அமிலம் இல்லாத குட்டைப் புரதம் உருவாகிறது என்ற விளக்கமும் கூட வந்தது. கேட்க அழகான விளக்கம். ஆனால் பின்னால் தேடியவர்களுக்கு அந்தக் குட்டை ஆர்என்ஏ சிக்கவில்லை. ஆகவே உங்கள் அறிக்கையில் 'குட்டைப் புரதம் உண்டாகிறது' என்று உறுதியாக எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள். இன்னொன்று, சைட்டோசின் அலீல் ஐரோப்பியர்களிடம் அரிது, கிழக்கு ஆசியர்களிடம் சர்வசாதாரணம். ஒரு மக்கள்தொகையில் கிடைத்த முடிவை அப்படியே இன்னொன்றுக்கு ஒட்டாதீர்கள், நோமேட் என்ற மக்கள்தொகை மரபுத் தகவல் தளத்தில் அலீல் அளவை முதலில் பாருங்கள். 2017இல் ஜீனின் ஒழுங்குமுறைப் பகுதியில் ஆர்எஸ்34481144 என்ற வேறொரு மாற்றமும் பேசப்பட்டது, அதையும் சேர்த்தே படியுங்கள்.

ஜீனைப் பெருக்கும் பிசிஆர் சோதனைக்குப் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போடும்போது புரோகிராம் தருகிற முதல் ஜோடியை எடுத்துக்கொள்ள வேண்டாம். 3இன் பிரைமர் 2ஐயும் பெருக்கிவிடும், பெருக்கத்தைக் காட்டும் கர்வ் அழகாக வரும், சந்தேகமே வராது. பிரைமரின் கடைசி முனை (3' முனை), இரண்டு ஜீனுக்கும் வித்தியாசம் இருக்கும் எழுத்தில் முடிய வேண்டும். பிறகு பிரைமர்-பிளாஸ்ட் என்ற தேடல் கருவியில் மனித ஜீனோம் முழுக்கத் தேடுங்கள், வேலை செய்யாத நகல்களான போலி ஜீன்களும் உண்டு. ஆர்என்ஏவில் டிஎன்ஏ கலந்திருந்தால் அவையும் சேர்ந்து பெருகும், டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் போடுவதை விடாதீர்கள்.

புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியிலும் இதே தொல்லைதான். பல ஆன்டிபாடிகள் 2ஐயும் 3ஐயும் பிரித்துப் பார்க்காது. முன்பக்கத்துப் பெப்டைடுக்கு எதிராகச் செய்ததா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள், முடிந்தால் 3 மட்டும் நீக்கிய செல்லை வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை) ஜெல்லின் ஒரு லேனில் ஓட்டுங்கள். இன்டர்ஃபெரான் கொடுத்தது, கொடுக்காதது இரண்டும் அருகருகே இருக்கட்டும். புரதம் 15 கிலோடால்டன்தான், 15 சதவீத ஜெல் போடுங்கள், டை வெளியே ஓடும்வரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஜெல்லிலிருந்து புரதத்தை எடுக்கும் டிரான்ஸ்ஃபருக்கு 0.2 மைக்ரான் மெம்பிரேன் எடுத்துக்கொள்ளுங்கள்.