'ஸ்பெஷல் ஆர்டர்' டிரம் கிட்: பணம் கொடுக்கும் முன் கழற்றிப் பாருங்கள்

"கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துத் தனியாகச் செய்த கிட் சார், இது மாதிரி இன்னொன்று கிடையாது" என்று பழைய டிரம் கிட் விற்பவர் சொன்னதும் மனதுக்குள் விலையை ஏற்றிக்கொள்ளாதீர்கள். 1960களில் லட்விக், கிரெட்ஷ், ஸ்லிங்கர்லேண்ட், ராஜர்ஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளிடம் கேட்டலாக்கில் இல்லாத அளவையும் நிறத்தையும் கடைக்காரர் வழியாகக் கேட்டு வாங்க முடிந்தது, அது உண்மைதான். ஆனால் அரிதாக இருப்பது வேறு, அதை வாங்க ஆள் இருப்பது வேறு. யாரோ ஒருவர் ஆசைப்பட்டுச் செய்துகொண்ட விசித்திரமான அளவுக்கு இன்று ஹெட் (டிரம்மில் அடிக்கும் மேல்தோல்) தேடியே நீங்கள் அலுத்துப்போவீர்கள்.

எதற்குக் கிராக்கி என்றால், முதலில் 18 அங்குலக் குறுக்களவுள்ள பேஸ் டிரம், அதாவது காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம். ஜாஸ் வாசிப்பவர்கள் விரும்பும் சின்ன கிட்டில் வருவது அது, கிரெட்ஷ் செய்தது என்றால் இன்னும் போட்டி. அடுத்தது, மேலே டாம் என்ற சின்ன டிரம்மை மாட்டும் கம்பிக்கென்று ஓட்டையே போடாமல் விடச் சொல்லி வாங்கிய பேஸ் டிரம். அப்புறம் மற்ற டிரம்களின் அதே நிறத்தில் கூடவே வந்த ஸ்னேர் (அடியில் கம்பிச்சுருள் வைத்த டிரம்). நிறத்தில் லட்விக்கின் சைக்கடெலிக் ரெட், சிட்ரஸ் மாட் போல 60களின் கடைசியில் வந்தவற்றுக்கு மவுசு அதிகம். என் கண்ணுக்கு அவை பழைய சோபாத் துணி மாதிரிதான் தெரிகின்றன, சந்தை என்னைக் கேட்டா நடக்கிறது!

சரி, சோதிப்பது எப்படி? ஒரு டிரம் கீ (ஹெட்டின் திருகைத் திருப்பும் சாவி), ஸ்க்ரூடிரைவர், அளவு டேப், டார்ச் போதும். கட்டாயம் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். தயங்குகிறார் என்றால் அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒருவர் '18 அங்குல பேஸ் டிரம், ஸ்பெஷல் ஆர்டர்' என்று ஒரு கிரெட்ஷைக் காட்டினார். போட்டோவில் அப்படியே சொக்கிப்போனேன். நேரில் டேப் வைத்துப் பார்த்தால் ஆழம் 16 அங்குலம். கிரெட்ஷ் அந்தக் காலத்தில் செய்த 18 அங்குல பேஸ் டிரம்மின் வழக்கமான ஆழம் 14தான்; 16 என்பது கால் வைத்துத் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமின் ஆழம். ஹெட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால், கிரெட்ஷ் ஷெல்லின் (டிரம்மின் மர உடல்) உட்புறம் பூசும் வெள்ளிப் பெயின்ட் மூன்று இடங்களில் மட்டும் புதிதாகப் பளபளத்தது, விரலால் தடவினால் மரக்கட்டை வைத்து அடைத்த மேடு தட்டுப்பட்டது. ஃப்ளோர் டாமின் மூன்று கால்கள் இருந்த இடம்! ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் மர ஹூப்பில் (வளையம்) ஒட்டியிருந்த பட்டையும் ஷெல் அளவுக்கு வெளுக்கவில்லை, அதாவது பின்னால் போட்டது. இருந்தாலும் வாங்கினேன், ஃப்ளோர் டாம் விலைக்கு. நல்ல சத்தம், இன்றும் அதில்தான் வாசிக்கிறேன், சேகரிப்பு மதிப்பு மட்டும் பூஜ்யம்.

நிறத்தில் சந்தேகம் வந்தால் ஒரே ஒரு லக்கை (ஹெட்டின் திருகு மாட்ட ஷெல்லில் பதித்த உலோகப் பிடி) கழற்றுங்கள். வெயிலும் சிகரெட் புகையும் படாத அந்தச் சின்ன இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். வெள்ளை மரைன் பெர்ல் (ஷெல்லின் மேல் ஒட்டும், முத்து மாதிரி மினுங்கும் பிளாஸ்டிக் உறை) என்றால் வெளியே மஞ்சளித்து லக்குக்கு அடியில் வெள்ளையாக இருக்க வேண்டும். லக்குக்கு அடியிலும் வெளியிலும் ஒரே மாதிரி இருந்தால் பின்னாளில் யாரோ உறையை மாற்றி ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு, மாற்றிய உறை மதிப்பைக் கடுமையாகக் கீழே இழுத்துவிடும்.

லட்விக் வாங்குபவர்கள் சீரியல் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அந்த எண் உள்ள பேட்ஜ்களை அங்கே வரிசைப்படி அடிக்கவில்லை, அதனால் ஒரே கிட்டின் டிரம்களில் எண்கள் தாறுமாறாக இருப்பது சகஜம். ஷெல்லின் உள்ளே ரப்பர் ஸ்டாம்பில் தேதி குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள், 60களின் லட்விக்கில் பல சமயம் சிவப்பு மையில் இருக்கும். ஒரே ஆர்டரில் செய்தவை என்றால் தேதிகள் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் அடங்கும். ஒன்று 1964, இன்னொன்று 1967 என்றால் அது பின்னால் சேர்த்த ஜோடி.

அப்புறம் காகிதம். கடை ரசீது, ஆர்டர் சீட்டு, முதல் சொந்தக்காரர் அதே கிட்டில் வாசிக்கும் பழைய போட்டோ, இவற்றில் ஒன்றாவது இல்லாமல் 'ஸ்பெஷல் ஆர்டர்' என்ற வார்த்தைக்காக ஒரு பைசா கூட அதிகம் தராதீர்கள். பிரபலத்தின் கிட் என்றால் கணக்கே வேறு: பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் 1963 லட்விக் 2015இல் ஏலத்தில் 20 லட்சம் டாலரைத் தாண்டியது, அதன் ஆய்ஸ்டர் பிளாக் பெர்ல் நிறமோ கேட்டலாக்கில் யாரும் வாங்கக்கூடியது. அங்கே விலை போனது ஆளுக்கு.

பேரம் பேசும்போது விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், அதே அளவு கிட்கள் கைமாறிய விலையைத் தேடி எடுங்கள். பின்னால் போட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும், மாற்றிய ஒவ்வொரு லக்குக்கும் அதிலிருந்து கழியுங்கள். வாங்கியபின் குரோமைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து வைத்தால் போதும்.