மண் குளத்தில் மீன்குஞ்சுகள்: இருப்பு அடர்த்தியைத் தீர்மானிப்பது எப்படி?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களின் நுண்குஞ்சுகளை (பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளை) மண் குளத்தில் வளர்க்க முனைவோர், குளம் எத்தனை குஞ்சுகளைத் தாங்கும், அதாவது இருப்பு அடர்த்தி எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பதினைந்து இருபது நாள் கழித்துப் பிழைத்து நிற்கும் குஞ்சுகளை எங்கே மாற்றப்போகிறோம் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவதே சரியான முறை.

நுண்குஞ்சுகளை முதலில் விட்டு வளர்க்கும் மண் நாற்றங்கால் குளத்தில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் வரை, அதாவது சென்ட்டுக்கு ஏறக்குறைய 12,000 முதல் 20,000 வரை நுண்குஞ்சுகளை விடலாம். சிமென்ட் தொட்டியில் ஹெக்டேருக்கு ஒரு கோடிக்கு மேலும் விடுகிறார்களே என்று அந்த எண்ணிக்கையை இங்கே கொண்டுவரக் கூடாது. தொட்டியின் அடியைக் கழுவி நீரை மாற்றிவிடலாம்; மண் குளத்திலோ மிஞ்சிய தீவனமும் கழிவும் சேற்றில் தங்கி, மட்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன.

10 சென்ட் குளத்தில் 1.5 லட்சம் நுண்குஞ்சுகளை விடுவதாகக் கொள்வோம். நூற்றுக்கு நாற்பது பிழைத்தால் 60,000 குஞ்சுகள் ஓர் அங்குல அளவில் கிடைக்கும். சென்ட்டுக்கு 800 என்று அடுத்த வளர்ப்புக் குளத்தில் விட்டால், அவற்றுக்கு 75 சென்ட் நீர்ப்பரப்பு வேண்டும். அந்த இடமோ, குஞ்சுகளை உடனே வாங்கிக்கொள்ளும் ஆளோ இல்லையென்றால், தொடக்கத்திலேயே குறைத்து விடுவதுதான் நல்லது.

நெருக்கம் குஞ்சுகளை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 6 முதல் 8 மி.மீ. நீளமுள்ள நுண்குஞ்சுக்கு முதல் உணவு விலங்கு மிதவை உயிரிகளே, அதாவது நீரில் மிதந்து வாழும் மிகச் சிறிய விலங்குகளே. 50 லிட்டர் குளத்து நீரை நுண்வலையில் வடித்தால் 1 முதல் 2 மி.லி. மிதவை உயிரிகள் சேர வேண்டும். குஞ்சுகள் மிகுந்தால் சில நாள்களிலேயே இது தீர்ந்துபோகும். அப்போது சற்றே பெரிய குஞ்சுகள் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்குத் தூளையும் முந்தித் தின்று மேலும் வளர, பின்தங்கியவை தலை பெருத்து உடல் மெலிந்து நிற்கும். ஒரே நாளில் விட்ட குஞ்சுகள் வலையில் இரண்டு மூன்று அளவுகளில் வந்தால், நெருக்கம் மிஞ்சிவிட்டது என்று முதலில் ஐயப்பட வேண்டும். சராசரி எடையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே ஒரு கைப்பிடிக் குஞ்சுகளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்.

தீவனத்தின் அளவும் எண்ணிக்கையை ஒட்டியதே. ஒரு லட்சம் நுண்குஞ்சுகளுக்கு முதல் 5 நாள் தினமும் 600 கிராம், பிறகு 1,200 கிராம் என்பது வழக்கமான அளவு. எண்ணிக்கை தவறினால் தீவனமும் தவறும் என்பதால், வாங்கும்போதே ஒரு சிறு குவளை நுண்குஞ்சுகளைப் பொறுமையாக எண்ணி, எத்தனை குவளை என்று பெருக்கிக் கணக்கிடுவது அவசியம்.

விடியற்காலையில் குஞ்சுகள் மேற்பரப்பில் வாய் திறந்து திணறினால், தீவனத்தையும் உரத்தையும் அன்று நிறுத்தி, புதுநீர் பாய்ச்ச வேண்டும். அவை தேறிய பிறகு, குளிர்ந்த காலை வேளையில் ஒரு பகுதியை வேறு குளத்துக்கு மாற்றிவிடலாம். இறப்பினால் எண்ணிக்கை தானே குறையட்டும் என்று காத்திருப்பது தவறு. இறந்தவை அழுகி, எஞ்சியவற்றின் மூச்சையும் பறிக்கும்.

வளர்ப்புக் குளத்தில் ஹெக்டேருக்கு 1 முதல் 3 லட்சம் வரை விடலாம். இரண்டு மூன்று மாதங்களில் 80 முதல் 100 மி.மீ. நீளமுள்ள விரலளவுக் குஞ்சுகளாகும். பெரிய குஞ்சுக்கு நல்ல விலை கிடைக்கும் இடங்களில் 1 லட்சத்தை ஒட்டியே நிற்கலாம்.

நெருக்கத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவோரும் உண்டு. ஆந்திரத்துக் கெண்டை வளர்ப்போர் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, குறைந்த தீவனத்தில் பல மாதங்கள் வளர்ச்சியைக் கட்டிவைக்கிறார்கள். பெரிய குளத்தில் தாராளமாக இடம் கிடைத்ததும் அவை வேகமாக எடை போடுகின்றன. ஆனால் அது நுண்குஞ்சுப் பருவத்தைத் தாண்டித் தேறிய குஞ்சுகளுக்கு உரிய முறை. முதல் இருபது நாளில் பட்டினி கிடந்த நுண்குஞ்சுக்கு அது பொருந்தாது.