சப்வூஃபருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஓம் பொருந்துகிறதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் ஆடியோ மாட்டிக்கொடுக்கிறேன். சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) வாங்கி வருபவர்கள் முதலில் வாட்ஸைத்தான் சொல்வார்கள். நான் கேட்பது வேறு: வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) ஒன்றா இரண்டா, தலா எத்தனை ஓம்?

இரட்டைக் காயில், தலா 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் பேரலல். மொத்தம் 2 ஓம். ஒன்றின் மைனஸை மற்றதன் பிளஸ்ஸில் கொடுத்து, மிச்சமுள்ள இரண்டு முனைகளை ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோனால் சீரிஸ், 8 ஓம். இதே சப் இரண்டை முழுக்கப் பேரலலில் போட்டால் 1 ஓமுக்கு இறங்கிவிடும். 2 ஓமுக்குக் கீழே தாங்காத மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபையரில் தயவுசெய்து அதை மாட்டாதீர்கள். சூடேறி புரொடெக்ஷன் விளக்கு எரியும், அல்லது உள்ளே கருகிவிடும். ஒவ்வொரு சப்பின் காயில்களையும் சீரிஸில் போட்டு, இரண்டு சப்பையும் பேரலலில் சேர்த்து (சீரிஸ்-பேரலல்) 4 ஓமாக்குங்கள். பவர் குறைந்தாலும் ஆம்ப்ளிஃபையர் பிழைக்கும்.

ஆம்ப்ளிஃபையரின் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்தால் (ஒரே லோடுக்காக ஒன்றாகச் சேர்த்தால்), பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களுக்கு 4 ஓம்தான் கீழ் எல்லை.

ஆம்ப்ளிஃபையரில் சொருகும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். புரோப் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் கழித்துவிடுங்கள். 2 ஓம் லோட் 1.7 என்று காட்டினால் சரிதான். மீட்டர் காட்டும் டிசி அளவு, சப்பில் குறித்த ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

அப்புறம், முதுநகர் துறைமுகப் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் வெள்ளீயம் பூசிய தாமிர ஒயராகக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றில் வெறும் தாமிரம் சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.