பார்த்தவுடன் கருத்தை ஊகிக்கக் கூடாத திறவுச்சொற்கள்

உயர்தரத்தில் பைதன் நிரல்மொழி படிக்கும் மாணவர்கள் அடைப்புக்குறியை மறப்பதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். நிரல்மொழி தனக்கென ஒதுக்கிவைத்த திறவுச்சொல்லின் ஆங்கிலக் கருத்தை நம்பி எழுதிய நிரலோ எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் ஓடும். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு புதிய வகுப்பிலும் இதையே காண்கிறேன்.

'இஸ்' (is) கொண்டு எண்களை ஒப்பிடுதல்

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவர் தம் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு உறுப்பினர் பதிவேடு ஒன்றை எழுதினார். விசைப்பலகையில் தட்டிய உறுப்பினர் எண்ணைக் கோப்பிலிருந்து வாசித்த எண்ணுடன் 'இஸ்' மூலம் ஒப்பிட்டிருந்தார். 12, 45, 130 என்று சோதித்தபோது எல்லாம் சரியாக வந்தன. 257ஆம் உறுப்பினர் வந்ததும் 'அப்படி ஒருவர் இல்லை' என்றது நிரல். தரவில்தான் பிழை என்று எண்ணி, பதிவேடு முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தார். அதன் பின்னும் 257ஆம் ஆள் கிடைக்கவில்லை.

இரு பெயர்களும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்பதே 'இஸ்' கேட்கும் கேள்வி. மதிப்புகள் சமமா என்று கேட்பதற்கு இரட்டைச் சமக்குறி இருக்கிறது. பைதன் நிரல்களை ஓட்டப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான சிபைதன், -5 முதல் 256 வரையான எண்களை நெடுங்காலமாக முன்கூட்டியே உருவாக்கி வைத்து எல்லோருக்கும் அவற்றையே கொடுத்துவந்ததால், சிறிய எண்களில் தவறு வெளியே தெரிவதில்லை. சிறிய எண்களை மட்டும் வைத்துச் சோதிக்கும் பழக்கமும் இதனோடு சேர்ந்துகொண்டால் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். பைதன் 3.8 முதல் எச்சரிக்கை ஒன்று வருகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பக்கத்தில் எண்ணையோ சரத்தையோ நேரடியாக எழுதியிருந்தால்தான் அது வரும். இரு மாறிகளை ஒப்பிட்டால் பைதன் வாய் திறக்காது. 'நன்' (None) என்னும் வெறுமதிப்பைச் சோதிக்க மட்டும் 'இஸ்' எழுதுங்கள்.

பைதனில் சுற்றுக்குப் பின் வரும் 'எல்ஸ்' (else)

சுற்றை இடையில் நிறுத்தும் 'பிரேக்' (break) நிகழாமல் சுற்று முடிந்தால் இந்த 'எல்ஸ்' பகுதி இயங்கும். சுற்று ஒருமுறைகூட ஓடாவிட்டாலும் இயங்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 'கொன்ஸ்ட்' (const)

இப்படி அறிவித்த பெயருக்கு மறுபடி வேறு மதிப்பைக் கொடுக்க முடியாது. ஆனால் அது சுட்டும் பட்டியலின் உள்ளடக்கம் தாராளமாக மாறும்.

ஷெல்லில் தலைகீழாக்கி ஊகித்தல்

யூனிக்ஸில் கட்டளைகளை வாங்கி இயக்கும் போர்ன் ஷெல், 'இஃப்' (if) தொகுதியையும் 'கேஸ்' (case) தொகுதியையும் அந்தச் சொற்களின் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு (fi, esac) மூடுகிறது. அல்கோல் 68 என்ற நிரல்மொழியிலிருந்து வந்த வழக்கம் அது. அதே கணக்கில் 'டூ' (do) தொகுதியையும் od என்று மூடலாம் என்று துணியும் கெட்டிக்காரர்கள் உண்டு. அந்த இரண்டெழுத்துப் பெயரில் கோப்பின் உள்ளடக்கத்தை எண்மத்தில் காட்டும் யூனிக்ஸ் கட்டளை ஏற்கெனவே இருந்ததால், ஷெல்லில் 'டன்' (done) என்றே மூட வேண்டியிருக்கிறது.